ஆடை வடிவமைப்புப் பணி: செயற்கை நுண்ணறிவால் வாய்ப்பு குறையுமா?

இயந்திரங்களால் எளிதில் பறிபோகாத தொழில்களில் ஒன்றாக ஆடை வடிவமைப்பு நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. அமெரிக்காவின் 702 தொழில்களை ஆராய்ந்து ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், இப்பணி கணினிமயமாகும் வாய்ப்பு சுமார் 2 சதவீதம் என மதிப்பிடப்பட்டது. தையல் இயந்திரம் இயக்குவோருக்கு இது 89 சதவீதமாக இருந்தது.

எனினும், எழுத்து விவரத்தைக் கொண்டே படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் அப்போது புழக்கத்தில் இல்லை. ஒரே ஆடையைப் பல வண்ணங்களில் வரைதல், துணியில் அச்சிடுவதற்கான கோலங்களை உருவாக்குதல் ஆகியவை இன்று சில நிமிடங்களில் முடிகின்றன. இவை பெரும்பாலும் புதிதாகப் பணியில் சேருவோருக்கு ஒதுக்கப்படும் வேலைகள் என்பதால், முதல் பாதிப்பு அவர்களுக்கே.

அதேவேளையில், துணியின் தன்மையைத் தொட்டறிதல், அணிபவரின் உடலுக்கேற்ப அளவைத் திருத்துதல், நெசவாளர்களுடன் இணைந்து செயல்படுதல் ஆகியவற்றில் மனிதரின் பங்கு தொடர்கிறது.

மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் 1986-இல் தொடங்கப்பட்ட தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் (நிஃப்ட்), செயற்கை நுண்ணறிவின் துணையுடன் ஆடைப் போக்குகளைக் கணிக்கும் 'விஷன்நெக்ஸ்ட்' இணையதளத்தை 2024-இல் அறிமுகப்படுத்தியது. அதே நிறுவனத்தின் 4 ஆண்டு வடிவமைப்புப் பட்டப்படிப்புக்கான சேர்க்கையில், கொடுக்கப்படும் பொருள்களைக் கொண்டு கையால் மாதிரி செய்து காட்டும் தேர்வும் இடம்பெறுகிறது.

ஆகவே, இத்துறையைத் தேர்ந்தெடுக்கும் மாணவர்கள் மென்பொருள் பயிற்சியுடன் பேட்டர்ன் தயாரிப்பு, துணி வெட்டுதல், தையல் ஆகியவற்றிலும் தேர்ச்சி பெறுவது அவசியமாகிறது.