திரும்பி வருவதில் வெட்கமில்லை

உறைபனியைப் படங்களில் மட்டுமே பார்த்துப் பழகிய நமக்கு, ஒரு நாட்டு மக்கள் விடுமுறை கிடைத்ததும் பனியைத் தேடிப் புறப்படுகிறார்கள் என்று சொன்னால் வியப்பாகத்தான் இருக்கும். ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள நார்வேயில் ஆண்டுதோறும் ஈஸ்டர் விடுமுறையில் இதுதான் நடக்கிறது. தந்தையும் தாயும் முதுகில் பை சுமந்து, காலில் நீண்ட சறுக்குக் கட்டைகளைப் பூட்டிக்கொண்டு முன்னே செல்கின்றனர். பின்னால் பிள்ளைகள் தத்தம் சிறிய கட்டைகளில் வருகின்றனர். நடக்கத் தெரியாத குழந்தை சிறு சறுக்குவண்டியில் போர்த்தப்பட்டுப் படுத்திருக்கிறது. நடுப்பகலில் பனியில் ஒரு குழி வெட்டி, அதில் அமர்ந்து ஆரஞ்சுப் பழமும் சாக்லெட்டும் தின்று, வெயில் காய்ந்து திரும்புகின்றனர்.

பார்ப்பதற்கு இது எளிய உல்லாசப் பயணம். ஆனால் இதற்குப் பின்னால் பல ஆயிரம் ஆண்டு அனுபவமும், பலருடைய உயிரிழப்பும், ஒன்பது விதிகளும் இருக்கின்றன. அந்த வரலாற்றைக் காண்போம்.

பனியில் பிறந்த கருவி

பனிச்சறுக்கு முதலில் விளையாட்டாகத் தோன்றியதன்று. புதிதாய்ப் பெய்த பனியில் கால் வைத்தால் முழங்கால்வரை, சில சமயம் இடுப்புவரை புதையும். உடல் எடை சிறிய பாதத்தின் பரப்பில் முழுவதும் அழுத்துவதே இதற்குக் காரணம். அதே எடையை நீண்ட பலகையின்மீது பரப்பினால் அழுத்தம் குறைகிறது; பனி தாங்குகிறது. இந்த உண்மையை எழுத்தறியாத வேட்டைக்காரர்கள் கண்டறிந்திருந்தனர். சுவீடனில் கால்வ்ட்ரெஸ்க் என்னுமிடத்தில் 1924-இல் சதுப்புநிலத்திலிருந்து எடுக்கப்பட்ட சறுக்குக் கட்டைகள் ஏறத்தாழ 5,200 ஆண்டுப் பழமையானவை. அவற்றுடன் ஓர் ஊன்றுகோலும் கிடைத்தது. அதன் ஒரு முனை மண்வெட்டிபோல் அகன்றிருந்தது. பனியில் செல்பவனுக்குப் பனியை வெட்டும் கருவியும் தேவை என்பதை அந்த முன்னோர் மறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

'ஸ்கீ' என்னும் சொல்லும் வட ஐரோப்பாவில் பிறந்ததுதான். பழைய நார்வே மொழியில் அதற்குப் பிளந்த மரத்துண்டு என்று பொருள்.

குழந்தை சென்ற பயணம்

நார்வே மக்கள் இன்றும் நினைவுகூரும் பயணம் 1206-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் நிகழ்ந்தது. நாட்டில் அரசுரிமைப் போர் நடந்துகொண்டிருந்தது. அரசுரிமை உள்ள ஹோக்கோன் என்னும் கைக்குழந்தையைப் பகைவரிடமிருந்து காக்க வேண்டும். சறுக்கில் வல்ல வீரர் இருவர் அக்குழந்தையை லில்லேஹாமர் பகுதியிலிருந்து எடுத்துக்கொண்டு, கடும் பனிப்புயலில் மலைகளைக் கடந்து கிழக்கேயுள்ள பள்ளத்தாக்கில் சேர்த்தனர். அக்குழந்தை 1217-இல் அரசனாயிற்று.

இந்நிகழ்ச்சியின் நினைவாக 1932 முதல் ஒரு நெடுந்தூரச் சறுக்குப் போட்டி நடைபெறுகிறது. அதில் கலந்துகொள்பவர் ஒவ்வொருவரும் குறைந்தது 3.5 கிலோகிராம் எடையுள்ள பையைச் சுமந்தே செல்ல வேண்டும். அந்தக் குழந்தையின் எடைக்கு அடையாளம் அது.

வீரர்களும் அவர்கள் கற்ற பாடமும்

19-ஆம் நூற்றாண்டில் சறுக்குதல் புது வடிவம் பெற்றது. டெலிமார்க் பகுதியைச் சேர்ந்த சோண்ட்ரே நூர்ஹைம் என்னும் ஏழைக் குடியானவர், முறுக்கிய மரக் கொடிகளைக் குதிகாலைச் சுற்றிக் கட்டி, கட்டை காலைவிட்டு நழுவாதபடி செய்தார். இதனால் தாவவும் திரும்பவும் முடிந்தது. 1868-இல் தலைநகரில் நடந்த போட்டியில் அவர் காட்டிய திறமை நாடெங்கும் பேசப்பட்டது.

1888-இல் ஃப்ரிட்யோஃப் நான்சென் ஐந்து தோழர்களுடன் சறுக்குக் கட்டைகளின் துணையால் கிரீன்லாந்தின் உள்நாட்டுப் பனிப்பரப்பைக் கடந்தார். மக்கள் வாழும் மேற்குக் கரையிலிருந்து புறப்படாமல், வெறிச்சோடிய கிழக்குக் கரையிலிருந்து அவர் தொடங்கினார். அப்போதுதான் ஒரு முறை கடந்தால் போதும். ஆனால் பின்வாங்கவும் வழியில்லை. இந்தத் துணிவை உலகமே புகழ்ந்தது. அவர் எழுதிய நூலைப் படித்து ஐரோப்பாவின் பல நாடுகளில் இளைஞர்கள் சறுக்கப் பழகினர்.

ஆனால் துணிவு மட்டும் போதாது என்பதை இன்னொரு நார்வேக்காரர் அனுபவத்தில் கண்டார். அவர்தாம் பின்னாளில் தென்துருவத்தை அடைந்த ரோவால் அமுண்ட்சென். 1896-இன் தொடக்கத்தில் அவரும் அவருடைய தமையனும் ஹார்டங்கர்விடா என்னும் மரமற்ற மேட்டுநிலத்தைக் கடக்க முயன்றனர். புயலில் வழி தவறியது. உணவும் பனியில் தொலைந்தது. ஓரிரவு பனியைக் குடைந்து உறங்கிய அமுண்ட்செனைச் சுற்றிப் பனி இறுகி உறைந்துவிட்டது. காலையில் கைகால் அசைக்க முடியாமல் கிடந்த அவரைத் தமையன் தோண்டி எடுத்தார்.

இந்த அனுபவத்தை அவர் மறக்கவில்லை. தென்துருவப் பயணத்தின்போது உணவுக் கிடங்குகளை முன்கூட்டியே வழியில் அமைத்தார். கிடங்கைத் தவறவிட்டுவிடக் கூடாதே என்று, அதன் இருபுறமும் பாதைக்குக் குறுக்காகப் பல கிலோமீட்டர் தூரத்துக்குக் கொடிகளை நாட்டினார். வழி சற்று விலகினாலும் ஏதாவதொரு கொடி கண்ணில் படும் அல்லவா? 1911 டிசம்பர் 14-இல் துருவத்தை அடைந்த ஐவரும் உயிருடன் திரும்பினர்.

குடும்பம் மலைக்கு வந்தது

வேட்டைக்காரருக்கும் வீரருக்கும் உரியதாயிருந்த பனிமலை, குடும்பங்களுக்கு உரியதானது எப்படி? முதற்காரணம் போக்குவரத்து. 1898-இல் தலைநகரிலிருந்து ஹோல்மன்கோலன் குன்றை நோக்கி மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நகரத்தார் கட்டைகளைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிக் காட்டுக்குப் போகலாயினர். 1909-இல் தலைநகரையும் பெர்கன் துறைமுகத்தையும் இணைத்த ரயில்பாதை முழுமையாகத் திறக்கப்பட்டது. அப்பாதையில் ஃபின்சே என்னும் நிலையம் கடல்மட்டத்துக்கு 1,222 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ரயிலைவிட்டு இறங்கினால் காலடியிலேயே பனிவெளி!

இரண்டாவது காரணம் ஓய்வு. 1919-இல் எட்டு மணி நேர வேலைநாளும், 1947-இல் மூன்று வாரச் சம்பள விடுமுறையும் சட்டமாயின. மூன்றாவது, தங்குமிடம். 1868-இல் தோன்றிய நார்வே மலைப்பயணச் சங்கம் மலைகளில் குடில்களைக் கட்டியது. இவற்றில் பல குடில்களுக்குக் காவலாளி இல்லை. உறுப்பினர்களிடம் பொதுவான சாவி உண்டு. அலமாரியில் உணவுப் பொருள்கள் இருக்கும். எடுத்ததைத் தாமே எழுதி வைத்துப் பணம் செலுத்த வேண்டியதுதான். ஈஸ்டருக்கு முன் பனிவெளியில் வழிநெடுகக் குச்சிகள் நட்டு வைக்கின்றனர்.

பாதை வந்தது, ஓய்வு வந்தது, குடிலும் வந்தது. மலையைப் பற்றிய அறிவு மட்டும் எல்லாரிடமும் வந்து சேரவில்லை. விபத்துகள் பெருகவே 1950-களின் தொடக்கத்திலேயே மலைப்பயணச் சங்கம் சில விதிகளை வகுத்தது. ஆயினும் 1967-ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் மலைகளிலும் திறந்தவெளிகளிலும் 18 பேர் மாண்டனர். மகிழ்ந்திருக்கச் சென்றவர்கள் வீடு திரும்பவில்லை. நாடே திடுக்கிட்டது.

செஞ்சிலுவைச் சங்கமும் மலைப்பயணச் சங்கமும் சேர்ந்து ஒரு பெரும் பிரசாரத்தைத் தொடங்கின. மலைக்கு வாருங்கள், ஆனால் பொறுப்போடு வாருங்கள் என்பதே அதன் சாரம். ஒன்பது 'மலையறிவு விதிகள்' நாடெங்கும் பரப்பப்பட்டன. 'குவிக் லுன்ஷ்' என்னும் சாக்லெட்டின் உறையின் உட்புறத்திலும் அவை அச்சிடப்பட்டன. பனிக்குழியில் அமர்ந்து சாக்லெட்டைப் பிரிக்கும் சிறுவன் விதிகளையும் படித்தான்.

விதிகளுக்குப் பின்னுள்ள அறிவியல்

இவ்விதிகள் வெறும் உபதேசங்கள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் இயற்கையில் காரணம் உண்டு.

'குறுகிய பயணமாயினும் புயலுக்கும் குளிருக்கும் ஆயத்தமாயிரு' என்கிறது ஒரு விதி. நம் தோலை ஒட்டி வெதுவெதுப்பான காற்றின் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. காற்று வீசினால் அது அடித்துச் செல்லப்படுகிறது. உடல் விரைவாக வெப்பத்தை இழக்கிறது. வெப்பநிலை மைனஸ் 10 டிகிரி செல்சியசாக இருக்கும்போது மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது ஏறக்குறைய மைனஸ் 21 டிகிரிக் குளிராகிறது. வெப்பமானியைப் பார்த்து உடை எடுத்து வைத்த தந்தை, காற்றைக் கணக்கில் சேர்க்க மறந்தால் என்னாகும்?

குழந்தைகளுக்கு ஆபத்து இன்னும் மிகுதி. ஒரு கனசதுரத்தின் பக்கத்தைப் பாதியாக்குங்கள். அதன் பரப்பு நான்கில் ஒன்றாகும். கன அளவோ எட்டில் ஒன்றாகும். அதாவது, உருவம் சிறிதாகச் சிறிதாக, எடைக்கு ஒப்பிடுகையில் வெப்பத்தை இழக்கும் பரப்பு கூடுகிறது. அதோடு வண்டியை இழுக்கும் தந்தைக்கு உழைப்பினால் வியர்க்கும். வண்டியில் படுத்திருக்கும் குழந்தையோ அசைவதில்லை, ஆகவே வெப்பத்தை மிகக் குறைவாகவே உண்டாக்குகிறது. எனவே தம் உடல் உணர்வைக் கொண்டு குழந்தையின் நிலையை மதிப்பிடக் கூடாது. அடிக்கடி நின்று, அதன் கைகால்களையும் கழுத்தையும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

'வானிலை அறிக்கையை மதி' என்பது இன்னொரு விதி. சறுக்குக் கட்டை இயங்கும் விதமே வானிலையைப் பொறுத்தது. சமவெளியில் செல்லும் கட்டை முன்னோக்கி வழுக்க வேண்டும். காலால் உந்தும்போது பின்னோக்கி வழுக்கக் கூடாது. முரணான இவ்விரண்டும் எப்படி முடிகின்றன? கட்டை நடுவில் சற்று மேல்நோக்கி வளைந்திருக்கிறது. எடை இரு கால்களிலும் பகிரப்படும்போது நடுப்பகுதி பனியைத் தொட்டும் தொடாமலும் இருக்கும், கட்டை வழுக்கும். ஒரே காலில் எடையை ஊன்றினால் நடுப்பகுதி பனியில் அழுந்தும். அங்கே பூசியிருக்கும் மெழுகில் பனிப்படிகங்களின் முனைகள் குத்திப் பிடித்துக்கொள்ளும். கடுங்குளிரில் படிகங்கள் கூர்மையாக இருக்கும். அதற்குக் கெட்டியான மெழுகு வேண்டும். பனி இளகும் நாளில் மென்மையான மெழுகு வேண்டும். பொருந்தாத மெழுகைப் பூசினால் கட்டை பின்னோக்கி வழுக்கும், அல்லது அடியில் பனி அப்பிக்கொள்ளும். நான்கு மணி நேரப் பயணம் ஏழு மணி நேரமாகிப் பொழுது சாய்ந்துவிடும். இன்று பலர் மெழுகுக்குப் பதிலாக, ஒருபுறம் சாய்ந்த மயிரிழைப் பட்டைகள் ஒட்டிய கட்டைகளைப் பயன்படுத்துகின்றனர். தத்துவம் ஒன்றே.

'வரைபடத்தையும் திசைகாட்டியையும் பயன்படுத்து' என்பதும் விதிகளில் ஒன்று. மேகம் இறங்கிப் பனி தூவும்போது வானும் தரையும் ஒரே வெண்மையாகிவிடும். நிழல் இல்லை, மேடு எது, பள்ளம் எது என்று கண்ணுக்குத் தெரியாது. அந்நேரத்தில் கண்ணை நம்பியவன் வழி தவறுகிறான். கைத்தொலைபேசியில் வரைபடம் இருக்கிறதே என்பீர்கள். குளிரில் அதன் மின்கலம் எதிர்பாராமல் ஓய்ந்துவிடக்கூடும்.

விதிகளும் மாறின

2016-இல் இவ்விதிகள் திருத்தப்பட்டன. மக்களின் பழக்கம் மாறியதே காரணம். செங்குத்தான மலைச்சரிவுகளை நாடிச் செல்வோர் பெருகினர். முப்பது டிகிரிக்கு மேல் சாய்ந்த சரிவுகளில் பனி அடுக்குகளில் ஒன்று பலவீனமாயிருந்தால், அதன்மேலுள்ள பனி முழுவதும் பலகைபோல் பெயர்ந்து சரியக்கூடும். பனிச்சரிவில் புதைந்தவரைச் சில நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தாக வேண்டும். தாமதமானால் மூச்சுத் திணறி இறக்க நேரிடும். நார்வேயில் 2013 முதல் பனிச்சரிவு எச்சரிக்கை முறையாக வெளியிடப்படுகிறது. ஆகவே புதிய விதிகளில் பனிச்சரிவும் இடம்பெற்றது.

மற்றொரு மாறுதலையும் நோக்குங்கள். 1967-இன் முதல் விதி, பயிற்சியின்றி நெடும்பயணம் புறப்படாதே என்றது. 2016-இன் முதல் விதியோ, பயணத்தைத் திட்டமிடு, எங்கே போகிறாய் என்பதைச் சொல்லிவிட்டுப் போ என்கிறது. உடல் வலிமைக்கு இருந்த முதலிடம் முன்யோசனைக்குக் கிடைத்திருக்கிறது. சொல்லிவிட்டுப் போனால்தான், குறித்த நேரத்தில் வராதபோது தேடுவோருக்கு எங்கே தேடுவது என்று தெரியும்.

ஆனால் எட்டாவது விதி மட்டும் சொல் மாறாமல் அப்படியே நிற்கிறது: 'காலத்தில் திரும்பு, திரும்பி வருவதில் வெட்கமில்லை.' பின்வாங்க வழியே வைக்காமல் சென்ற நான்செனைப் போற்றும் அதே நாடு, தன் குடும்பங்களுக்குச் சொல்லும் அறிவுரை இது. இதில் முரண்பாடு இல்லை. நான்சென் வளர்ந்த ஐவரை, அவர்கள் சம்மதத்தோடு அழைத்துச் சென்றார். சறுக்குவண்டியில் உறங்கும் குழந்தையிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. அதன் சார்பில் முடிவு செய்பவர் தம் பெருமையையும் சேர்த்துக் கணக்கிடலாமா?

திரும்பி வரும் முடிவை மலைமீது நின்று எடுப்பது கடினம். குடில் இதோ அருகில்தான் என்று மனம் சொல்லும். பிள்ளைகள் ஏமாற்றமடைவார்கள் என்று தோன்றும். ஆகவே, இத்தனை மணிக்குள் இந்த இடத்தை அடையாவிட்டால் திரும்பிவிடுவோம் என்பதை முதல் நாளே, வீட்டில் விளக்கொளியில் அமர்ந்து, பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு முடிவு செய்துவிட வேண்டும். மலைப்பயணத்துக்கான திட்டத்தில் போகும் வழியைப் போலவே திரும்பும் வேளையும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அவ்வாறு திட்டமிட்டுச் செல்லும் குடும்பம் கவலையின்றிப் பனிக்குழியில் அமர்ந்து ஆரஞ்சுப் பழத்தை உரிக்கலாம். மலை அங்கேயேதான் இருக்கும். அடுத்த ஈஸ்டருக்கும் போகலாம்.