ஜப்தி என்னும் சொல்லும் கடன் தீர்ப்பின் நிறைவேற்றமும்

கொடுத்த கடன் திரும்பி வராமையால் ஒருவர் வழக்குத் தொடுத்து அதில் வெற்றியும் பெறுகிறார் எனக் கொள்வோம். அந்நாளில் அவர் கைக்கு வருவது பணம் தரப்படவேண்டும் என்று கூறும் ஒரு தாள் மட்டுமே. அத்தாளைப் பணமாக்கும் நடைமுறை நிறைவேற்றம் எனப்படுகிறது. இந்தியாவில் வழக்காடியின் இன்னல்கள் அவர் டிக்ரி பெற்ற பின்னரே தொடங்குகின்றன என்று தர்பங்கா ஜமீன் தொடர்பான வழக்கொன்றில் பிரிவி கவுன்சில் 1872ஆம் ஆண்டிலேயே குறிப்பிட்டது. 2021ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், நிறைவேற்று மனுக்களை அவை தாக்கலான நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கீழமை நீதிமன்றங்களுக்குப் பணிக்க நேர்ந்தது. இடைப்பட்ட ஒன்றரை நூற்றாண்டில் சட்டம் பன்முறை திருத்தப்பட்டது. சட்டத் தமிழும் மாறிற்று. எனினும் அம்மாற்றம் ஒரே சீராக நிகழவில்லை. நீதிமன்றக் கூடத்திற்குள் வழங்கிய சொற்கள் எளிதில் தமிழாயின. கடனாளியின் வாசலில் வழங்கிய சொற்களோ இன்றும் பழைய வடிவிலேயே நிற்கின்றன. இவ்வேறுபாட்டின் வரலாற்றையும் அது மொழிபெயர்ப்பாளர்க்கு எழுப்பும் சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

வாசலில் அமர்தல்

கடனைத் திரும்பப் பெறும் வழிகள் ஐந்து என மனு தருமநூலின் எட்டாம் அத்தியாயம் வகுக்கிறது. அறவுரை, வழக்கு, சூழ்ச்சி, ஆசாரம், வலிமை என்பன அவை. இவற்றுள் ஆசாரம் என்பது கடன்காரரின் வாசலில் உண்ணாது அமர்ந்திருத்தல் முதலிய வழக்காறுகளைக் குறிக்கும் என உரையாசிரியர்கள் பொருள் கொள்வர். வழக்கு ஐந்தில் ஒன்றாக மட்டும் வைக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. தீர்ப்புக் கிடைத்தாலும் அதனைச் செயலாக்கும் பொறுப்பு பெரும்பாலும் வென்றவரையே சார்ந்திருந்தது. கடன் வழக்கன்று எனினும், பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணம் இங்கு நினைக்கத்தக்கது. திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் மூல ஓலையை ஒப்பிட்டுத் தீர்ப்புக் கூறுவதோடு அமைகின்றனர். தோற்றவரை அழைத்துச் செல்பவர் வென்ற முதியவரே. அவ்வவைக்கு ஏவலாள் ஒருவரும் இல்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகக் கரையைக் கண்ட மார்க்கோ போலோ, மாபார் நாட்டு வழக்கம் ஒன்றைப் பதிவு செய்துள்ளார். பலமுறை கேட்டும் தராத கடனாளியைச் சுற்றிக் கடன் கொடுத்தவர் நிலத்தில் ஒரு வட்டம் வரைந்துவிட்டால், கடனைத் தீர்க்காமலோ உறுதியளிக்காமலோ கடனாளி அவ்வட்டத்தை விட்டு வெளியேறக் கூடாது; மீறினால் மரண தண்டனை. அயல்நாட்டு வணிகர் ஒருவர் குதிரைமேல் வந்த அரசனையே இவ்வாறு வளைத்ததாகவும், அரசன் அவ்விடத்திலேயே நின்று கடனைத் தீர்ப்பித்ததாகவும் அவர் கூறுகிறார். கடன் கொடுத்தவரின் கை வரைந்த கோட்டிற்குப் பின்னால் அரசாணை நிற்பதை இதில் காணலாம்.

வடநாட்டில் இதற்கு இணையாக விளங்கியது தர்ணா. ‘பற்றிக்கொள்’ என்னும் பொருளுடைய வடமொழி வேரிலிருந்து வந்த இச்சொல், கடன் தீரும்வரை வாசலில் பட்டினி கிடத்தலைக் குறித்தது. காசிப் பகுதியில் இதனைத் தடுக்கக் கம்பெனி அரசு 1795இல் ஒழுங்குமுறைச் சட்டம் ஒன்று இயற்றியது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 508ஆம் பிரிவில், தெய்வ சினத்திற்கு ஆளாவாய் என்று அச்சுறுத்தும் குற்றத்திற்குத் தர்ணா இருத்தலையே எடுத்துக்காட்டாகக் கூறியது. கடனுக்காக வாசலில் அமர்தல் குற்றமாயிற்று. வாசலுக்குச் செல்லும் உரிமை அரசு ஊழியர் ஒருவருக்கு மட்டுமே உரியதாயிற்று. தொழிலிழந்த தர்ணா என்னும் சொல் பிற்காலத்தில் அரசியல் போராட்டத்திற்குப் பெயராகித் தமிழ் நாளிதழ்களிலும் இடம் பிடித்தது தனிக்கதை.

அமீனாவின் சொற்கள்

அவ்வாறு வாசலுக்கு வந்த அரசு ஊழியரே அமீனா. சென்னை மாகாணத்தில் 1802ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டங்களால் மாவட்ட நீதிமன்றங்கள் அமைந்தபோது, நவாபு ஆட்சிக்காலத்துப் பாரசீக, அரபுப் பணிப்பெயர்கள் பல அப்படியே தொடர்ந்தன. அமீன் என்னும் அரபுச் சொல்லுக்கு நம்பிக்கைக்குரியவர் என்பது பொருள். தமிழ்க் கிராமங்களில் அமீனா என்றால் தட்டுமுட்டுச் சாமான்களை வெளியே எடுத்து வைப்பவர் என்பதே பொருள். அகராதிப் பொருள் வழக்குப் பொருளுக்கு எதிராகத் திரும்பியமைக்கு இதனினும் நல்ல சான்று கிடைப்பது அரிது. வாக்குறுதி என்று பொருள்படும் அரபுச் சொல் வாய்தாவாகி வழக்கு ஒத்திவைப்பைக் குறித்தது. வந்து சேர்தலைக் குறித்த சொல் வசூலாயிற்று. பிணை நிற்பவர் ஜாமீன் ஆனார். ஒழுங்கு, கட்டுப்பாடு என்னும் பொருள்களையுடைய ஸப்த் என்ற சொல்லின் வழிவந்ததே ஜப்தி.

ஏலம் கடல்வழி வந்தது. போர்த்துக்கீசிய லெய்லாவ் என்பதே இதன் மூலம் என்பதும், அதுவும் அறிவிப்பு என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது என்பதும் பொதுவாக ஏற்கப்பட்டவை. மலையாளத்தில் லேலம், தெலுங்கில் வேலம், இந்தியில் நீலாம். லகரம் மொழிமுதல் வாராமையால் தமிழ் பொதுவாக முன்னே ஓர் உயிரைச் சேர்க்கும் (இலாபம், உலோகம்). இங்கோ லகரத்தையே விட்டுவிட்டது. எழுதப்பட்ட சட்டத்தின் வாயிலாக அன்றி, கூவி விற்பவரின் வாய்வழியாகச் சொல் பரவியது என்பதற்கு இது ஒரு குறிப்பு எனலாம். டிக்ரி ஆங்கிலம் தந்தது. கிரயம் வடமொழியில் வாங்குதலைக் குறிக்க, தமிழ்ப் பத்திரங்களில் விற்பனையைக் குறிக்கிறது.

இச்சொற்களின் உறுதிக்குக் காரணம் அவற்றோடு ஒட்டிய அனுபவமே. 1859ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டமும், அதன் வழிவந்து இன்றும் நடைமுறையில் உள்ள 1908ஆம் ஆண்டுச் சட்டமும் அசையாச் சொத்தை ஜப்தி செய்யும்போது தமுக்கடித்தோ ஊர் வழக்கப்படியோ அறிவிக்க வேண்டும் என்றன. ஊரறியத் தமுக்கு முழங்கியபோது கடனாளியின் மானமும் உடன் ஏலம் போயிற்று. தண்டோரா போடும் வழக்கத்தைக் கைவிடுமாறு தமிழக அரசின் தலைமைச் செயலர் ஆட்சியர்களுக்கு எழுதியது 2022 ஆகஸ்டில்தான். 1875 மே 12 அன்று புணே மாவட்டத்துச் சுபா என்னும் ஊரில் தொடங்கிய தக்காணக் கலவரத்தில், உழவர்கள் தேடிப் பறித்து அழித்தவை கடன் பத்திரங்களும் டிக்ரிகளுமே. அதன் விளைவாக 1879இல் தக்காண உழவர் நிவாரணச் சட்டம் வந்தது. சென்னை மாகாணத்தில் இராஜாஜி அமைச்சரவை 1938இல் கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், ஏற்கெனவே வழங்கப்பட்ட டிக்ரிகளின் தொகையையும் குறைக்க வழிசெய்தது.

சிவில் சிறையின் வரலாறும் இதனோடு சேர்ந்ததே. கடனாளியைச் சிறையில் வைக்க வேண்டுமாயின் அவர் உணவுக்கான படியைக் கடன் கொடுத்தவரே முன்கூட்டிக் கட்ட வேண்டும். சிறை சென்றமையால் கடன் தீர்ந்துவிடுவதும் இல்லை. பணமிருந்தும் தராதவர், தர இயலாதவர் என்னும் வேறுபாட்டை 1936ஆம் ஆண்டுத் திருத்தம் சட்டத்துள் கொணர்ந்தது. கொச்சி வங்கி தொடர்பான வழக்கில் 1980இல் நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர் இவ்வேறுபாட்டை அரசமைப்பின் 21ஆம் உறுப்போடு இணைத்து, வறுமை காரணமாகக் கட்ட இயலாதவரைச் சிறையிலிடுதல் ஏற்கத்தக்கதன்று என்று தீர்ப்பளித்தார்.

பற்றுகையும் பறிகொடுத்தலும்

கீழமை நீதிமன்றங்களில் தமிழில் தீர்ப்பு வழங்க 1976ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத் திருத்தம் வழிசெய்தது. தாவா வழக்காயிற்று, முனிசீப் உரிமையியல் நீதிபதியானார், டிக்ரிக்குத் தீர்ப்பாணை என்ற சொல் அமைந்தது. ஜப்திக்குப் பற்றுகை என்னும் சொல் ஆக்கப்பட்டது. தர்ணாவின் வேர்ப்பொருளும் இதுவே என்பது ஒரு தற்செயல் பொருத்தம். சட்ட நோக்கில் பற்றுகையே சரியான சொல். பற்றப்பட்ட சொத்து கடன் கொடுத்தவருக்கு உரியதாகிவிடுவதில்லை. நிலமாயின் அதனை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது என்ற தடையே பற்றுகை. ஆனால் அக்கருத்தைக் கடனாளியிடம் கொண்டுசெல்ல அச்சொல்லால் இயலவில்லை. விபத்து இழப்பீடு செலுத்தப்படாமையால் அரசுப் பேருந்து நிறுத்திவைக்கப்படும்போது நாளிதழ்கள் பேருந்து ஜப்தி என்றே எழுதுகின்றன. அறிவிப்பில் பற்றுகை என்று கண்டவர் அதனை விளக்கிக்கொள்ள எழுத்தரைத் தேடுகிறார். ஜப்தி என்று கேட்டவர் எல்லாம் போயிற்று என்று ஓய்ந்துவிடுகிறார். முதற்சொல் விளங்குவதில்லை, இரண்டாம் சொல் அளவுக்கு மீறி விளங்குகிறது.

ஏலம் பற்றிய தொடர்களில் இழப்பு இன்னும் பெரிது. வீடு ஏலத்தில் போய்விட்டது என்னும்போது தமிழ் வினைமுற்று செயலை முடித்துவிடுகிறது. சட்டத்தில் அது முடிவதில்லை. விற்பனைக்குப் பின் 60 நாள்களுக்குள் அறிவிப்பில் கண்ட கடன் தொகையையும், ஏலம் எடுத்தவருக்காக விலையில் நூற்றுக்கு ஐந்து வீதத்தையும் கட்டினால் விற்பனையை நீக்கிக்கொள்ளலாம். நீதிமன்றம் உறுதி செய்யும்வரை விற்பனை முற்றுப்பெறுவதும் இல்லை. இதனை அறியாதவர் அந்த 60 நாள்களையும் வீணே கழிப்பார்.

சட்டத்தின் 60ஆம் பிரிவு பற்றக்கூடாத பொருள்களைக் கூறுகிறது. உடுத்தும் ஆடை, சமையல் கலங்கள், படுக்கை, கைவினைஞரின் கருவிகள், உழவரின் ஏர்க்கருவிகளும் மாடும் விதைத் தானியமும் அவற்றுட் சில. சமய வழக்கப்படி ஒரு பெண் பிரியக்கூடாத அணிகலன்களும் அதில் உள்ளன. இத்தொடரைத் தாலி என்று பெயர்த்தால் உடனே புரியும்; ஆயின் தாலி அணியாத சமயத்தாரின் அணிகலன்கள் விலக்கின் வெளியே நின்றுவிடும். மூலத்தின் விரிவைக் காத்து, தாலியை எடுத்துக்காட்டாக மட்டும் சேர்ப்பதே தகும்.

நிறைவேற்றுதல் என்னும் சொல்லும் எச்சரிக்கைக்குரியது. ஆங்கிலத்தில் ஒரே சொல் டிக்ரியைச் செயலாக்குவதையும், பத்திரம் எழுதிக் கொடுப்பதையும், தூக்கிலிடுவதையும் குறிக்கும். கடன்பத்திரத்தை நிறைவேற்றினார் என்ற மொழிபெயர்ப்பைப் படிப்பவர், பத்திரம் எழுதிக் கொடுத்தவரைக் கடனை அடைத்தவர் என்று கொள்ள இடமுண்டு. பத்திரத்திற்கு எழுதிக் கொடுத்தல் என்ற பழைய தொடரையே நிறுத்தினால் இக்குழப்பம் எழாது.

கடனாளிக்குச் செல்லும் அறிவிப்பில் உம்மைச் சிவில் சிறையில் ஏன் அடைக்கக் கூடாது என்பதற்குக் காரணம் காட்டுக என்றெழுதுவது ஆங்கில அமைப்பின் நேர்ப்பெயர்ப்பு. ஆங்கிலத்தில் அது வாய்ப்பளிக்கும் தொடர். தமிழில் ஏன் கூடாது என்பது முடிவெடுத்தவரின் மிரட்டலாகவே ஒலிக்கிறது. பணம் செலுத்த இயலாத நிலை இருப்பின் குறித்த நாளில் நீதிமன்றத்தில் வந்து கூறலாம், அதனைக் கேட்ட பின்னரே ஆணை பிறப்பிக்கப்படும் என்று இரு வாக்கியமாக எழுதினால் 1936ஆம் ஆண்டுத் திருத்தத்தின் கருத்து முழுமையாக வந்துவிடும். அவ்வாறே, பற்றுகை என்னும் சொல் முதன்முறை வருமிடத்தில் ஜப்தி என்று உடன் எழுதி, சொத்தை மாற்றக்கூடாது என்ற தடை மட்டுமே இப்போது விதிக்கப்பட்டுள்ளது என ஒரு தொடரும் சேர்க்கலாம். நாள் கணக்கைக் கடனாளியிடம் விடாமல், பணம் கட்டக்கூடிய கடைசித் தேதியையே அறிவிப்பில் குறித்துவிடலாம்.