நீர்க்கலமும் திருக்கோணமலைக் குடாவும்

மண்ணிற் புதைந்த ஓட்டுத் துண்டொன்றே ஒரு மக்கட் கூட்டத்தின் வாழ்வை உரைத்துவிடும் என்பது தொல்பொருளாராய்வோர் நன்கறிந்த உண்மையாகும். கந்தரோடையிற் கிடைத்த கறுப்பு-சிவப்பு மட்கலங்கள் பண்டை ஈழத்து மாந்தரைப் பற்றி அவ்வாறே பேசின. நீரை மொண்டும் நிறைத்தும் வைத்த கலங்களைக் கொண்டு நம் திருக்கோணமலையின் வரலாற்றையும் ஒருவாறு நோக்கலாம்.

இத்துறை நாடிவந்த மரக்கலங்கள் காற்றுக்கு ஒதுங்கியதோடு குடிநீரும் கொண்டு சென்றன. 1659 ஆம் ஆண்டு புயலிற் பாய்மரம் இழந்து கொட்டியாரக் குடாவை அடைந்த ஆங்கிலக் கப்பலையும், அதில் வந்து கண்டி மன்னனின் சிறைப்பட்ட றொபேட் நொக்சையும் அறியாதார் இலர். அக்காலக் கப்பல்களில் நீர் மரப்பீப்பாய்களில் இருந்தது. சின்னாளிற் கெட்டு நாறும் அந்நீரைக் கொட்டிப் பீப்பாயைக் கழுவி மீண்டும் நிரப்புவர். கரையிலோ மட்குடம் வழங்கிற்று. உடைந்த குடம் ஓடாய்க் கிடந்ததேயன்றி எவ்வுயிர்க்கும் ஊறு செய்யவில்லை.

1795 இல் ஆங்கிலேயர் இத்துறையைக் கைப்பற்றினர். 1957 வரை அவர்தம் கடற்படைத் தளம் இங்கிருந்தது. அவ்வாட்சிக் காலத்தே கண்ணாடிப் போத்தல் பரவிற்று. கோலி வைத்த சோடாப் போத்தலுக்கு ஹைரம் கொட் 1872 இலும், தகர முடிக்கு வில்லியம் பெயின்ரர் 1892 இலும் காப்புரிமை பெற்றனர். கண்ணாடிப் போத்தலின் சிறப்பு அதன் மீட்சியே. வெறும் போத்தலைக் கடையிற் கொடுத்து வைப்புப் பணத்தை மீளப்பெற்ற சிறுவர்கள் இன்று முதியோராய் நம்மிடையே உளர்.

1941 இல் வின்பீல்ட், டிக்சன் என்னும் ஆங்கில வேதியியலார் இருவர் துணியிழைக்கெனக் கண்ட பொருளொன்று, 1973 இல் அமெரிக்கரான நதானியேல் வையெத் பெற்ற காப்புரிமையாற் போத்தலாயிற்று. இலேசானது, உடையாதது, மலிவானது. ஆதலின் திரும்பி வர வேண்டாதது!

இதிலுள்ள நீர் நஞ்சாகுமோ எனப் பலர் அஞ்சுப. பிசுபினோல்-ஏ என்னும் பொருள் இவ்வகைப் பிளாஸ்ரிக்கின் ஆக்கத்தில் இடம்பெறுவதன்று. அதுபற்றிய ஆரவாரம் பெரிதும் அறியாமையின் விளைவே. ஆயினும் ஊக்கியாகச் சேரும் அந்திமனி சிறிதளவு நீரிற் கசியும். உலக சுகாதார நிறுவனம் அதற்கு லீற்றர் ஒன்றுக்கு 20 மைக்கிரோகிராம் என எல்லை வகுத்துளது. நிழலில் வைத்த போத்தல் நீர் பெரும்பாலும் அவ்வெல்லைக்கு மிகக் கீழேயே நிற்கும். வெப்பம் ஏற ஏறக் கசிவும் ஏறும். சித்திரை வெயிலில் மூடிய வண்டியுள் நெடுநாட் கிடந்த போத்தலை ஒதுக்குதலே நன்று.

உடலுக்கு நேர்வதினும் கடலுக்கு நேர்வது பெரிது. மூடியிட்ட வெறும் போத்தல் மிதக்கும். நீர் புகின் அமிழும். அப்பிளாஸ்ரிக்கின் அடர்த்தி நீரினும் ஏறக்குறைய 1.38 மடங்காகும். மூடியோ வேறு வகைப் பிளாஸ்ரிக். அது மிதந்து கரை சேரும். ஆகவே கரையில் மூடிகளைப் பொறுக்கிவிட்டுக் கடல் தூய்மையாயிற்று என மகிழ்தல் பேதைமை. (யானும் அவ்வாறு மகிழ்ந்தவனே.) ஆழத்தாற் புகழ்பெற்ற நம் துறைமுகம் அவ்வாழத்தாலேயே இதனை மறைத்து வைக்கின்றது. மலைநாட்டிலிருந்து 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவிலேயே கலப்பதால், வாடைக்காலத்து வெள்ளம் கொணர்வது நம் ஊர்க் குப்பை மட்டுமன்று.

1963 இற் சரணாலயமாகவும் 2003 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட புறாத்தீவின் பவளப் பார்கள் அண்மையிலேயே உள. ஆசிய-பசிபிக் பவளப் பார்களை ஆராய்ந்து 2018 இல் வெளிவந்த முடிவின்படி, பிளாஸ்ரிக் படிந்த பவளம் நோயுறும் வாய்ப்பு நூற்றுக்கு 4 இலிருந்து 89 ஆக உயர்கின்றது.

விவசாய இரசாயனங்களை இவ்வகைப் பிளாஸ்ரிக்கில் அடைத்தலை இலங்கை 2021 இல் தடைசெய்தது. அவ்வொழுங்குவிதி குடிபானப் போத்தலைத் தொடவில்லை. ஜேர்மனியோ 2003 இலேயே, ஒருமுறை பயன்படும் போத்தல்களுக்கு வைப்புப் பணம் வாங்கத் தொடங்கிற்று. நம் கடைத்தெருவிற் கண்ணாடிப் போத்தலுக்கு வழங்கிய அதே முறைதான்.