இங்கிலாந்தின் பழைய குடிசனமதிப்பேடுகளும் குடிவழியும்

1801ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே முதன்முறையாகக் குடிசனமதிப்பு எடுக்கப்பட்டபோது அரசினர் அறிய விரும்பியது தொகையை மாத்திரமே. ஊர்தோறும் வீடுகள் எத்தனை, ஆண்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர் என எண்ணினார்கள். பெயரைக் கேட்கவேண்டுமென்ற விதி இருக்கவில்லை. நாடெங்கும் ஆள்வாரியாகப் பெயர் எழுதப்பட்டது 1841ஆம் ஆண்டு யூன் மாதம் 6ஆம் திகதி இரவைக் குறித்த கணக்கிலேதான்.

ஆயினும் முன்னோரைத் தேடுவோர்க்கு அந்த ஏடு அதிகம் பேசுவதில்லை. பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்தெழுதும்படி பணித்திருந்தமையால், முப்பத்துநான்கு வயதினரும் முப்பது வயதினராயினர். உறவுமுறையும் எழுதப்படவில்லை. ஒரு வீட்டில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒரே குடும்பப் பெயருடன் காணப்பட்டால், அவர்கள் கணவனும் மனைவியுமா, உடன்பிறந்தாரா என்று ஏட்டைக்கொண்டு துணிதல் இயலாது.

1851ஆம் ஆண்டு ஏடு இக்குறையைப் பெரிதும் தீர்த்தது. குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன முறை, சரியான வயது என்ன, பிறந்த ஊர் எது என்பன அதிலே இடம்பெற்றன. எண்பது வயது மூதாட்டி ஒருத்தி தான் பிறந்த ஊரைச் சொல்லிவிட்டால், 1770ஆம் ஆண்டளவிலான அவ்வூர்த் தேவாலயப் பதிவேட்டைத் தேடிச் செல்ல வழி பிறந்துவிடும்.

உறவுப் பெயர்களை அக்காலப் பொருளிலே கொள்ளாவிடில் குடிவழி கோணிவிடும். எட்டு வயதுச் சிறுவனொருவன் வீட்டுக்காரரின் ‘மருமகன்’ என எழுதப்பட்டிருப்பதைக் கண்டு திகைப்போர் பலர். மகளின் கணவனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே அந்நாளில் மனைவியின் முன்னைக் கணவனுக்குப் பிறந்த மகனையும் குறித்தது. ஆகவே அச்சிறுவன் அத்தாயின் முதல் திருமணத்துக்குச் சான்றாகிறான். தமையனென்றும் தம்பியென்றும் பிரித்துச் சொல்லிப் பழகிய நமக்கு இந்த ஏடுகளின் சொல்வறுமை வியப்பளிப்பதே.

பெயர்களும் எழுதுவோர் கைப்பட்டு மாறின. இலண்டன் மாநகரின் டீன் வீதியில் 1851இல் வாழ்ந்த கார்ல் மார்க்சு, அவ்வாண்டு ஏட்டில் ‘சார்ள்சு மார்க்’ ஆகிவிட்டார்.

பத்தாண்டுக்கொருமுறை எடுக்கப்படும் கணக்கிலே இரண்டுக்கும் இடையிற் பிறந்து இறந்த குழந்தைக்கு இடமே இல்லை. 1852இல் பிறந்து 1858இல் மாண்ட பிள்ளையின் பெயர் எந்தக் குடிசனமதிப்பேட்டிலும் காணப்படாது. 1837ஆம் ஆண்டில் தொடங்கிய பிறப்பு இறப்புப் பதிவுகளையே அதற்காக நாடவேண்டும். 1911ஆம் ஆண்டிலோ மணமான பெண்களிடம், உயிருடன் பிறந்த பிள்ளைகள் எத்தனை, அவர்களுள் இருப்போர் எத்தனை, இறந்தோர் எத்தனை என வினவினார்கள். முந்திய ஏடுகள் பெரும்பாலும் உத்தியோகத்தர் எழுதிய படிகளாயிருக்க, அவ்வாண்டு வீட்டார் தம் கையால் நிரப்பிய தாள்களே பேணப்பட்டன. கைம்பெண்களிடம் அக்கேள்வி கேட்கப்படவில்லை. இருந்தும் அவர்களிற் பலர் எண்களை எழுதிக் கொடுத்தனர். எழுதுவினைஞர் அவற்றைக் கோடிட்டு அடித்தார்கள்; கோட்டின் கீழே ‘பிறந்தோர் ஒன்பது, இறந்தோர் நான்கு’ என்பதுபோன்ற கணக்கு இன்றும் வாசிக்கக்கூடியதாயுள்ளது. தேடி வரும் சந்ததியார் தம் பாட்டியின் துயரை முதன்முதல் அறிவது சிலவேளை அவ்வடித்த எழுத்தினாலேயே.

1921ஆம் ஆண்டு ஏடு நூறாண்டு கழிந்து 2022இல் திறக்கப்பட்டது. அதற்கடுத்த ஏட்டுக்குக் காத்திருப்பதிற் பயனில்லை. 1931ஆம் ஆண்டுத் தாள்கள் 1942ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் தீயிலே எரிந்துபோயின. போர் காரணமாக 1941இல் கணக்கே எடுக்கப்படவில்லை. 1939ஆம் ஆண்டு செப்டெம்பர் 29ஆம் திகதி அடையாள அட்டை வழங்குவதற்காக எடுத்த பதிவேடொன்றே அவ்விடைவெளியில் எஞ்சியிருக்கிறது.