கண் நரம்பைக் காப்பாத்தப் போன ஒரு மாத்திரையின் கதை

இன்னைக்கு ஒரு மாத்திரையோட வரலாறு. முதல்ல, அதுக்கான தேவை எங்க வந்ததுன்னு பார்த்துடலாம்.

க்ளாகோமா இருக்கிறவங்களுக்கு விழித்திரையில இருந்து மூளைக்குச் சேதி கொண்டுபோற நரம்பு செல்கள் கொஞ்சம் கொஞ்சமா செத்துப்போகும். ஒரு கண்ணுல சுமார் 10 லட்சம் செல்தான் இருக்கு. போனது திரும்பி வராது. கண்ணுக்குள்ள இருக்கிற அழுத்தத்தைக் குறைக்கிறதுதான் சிகிச்சை. ஆனா அழுத்தம் குறைஞ்ச பிறகும் சிலருக்குப் பார்வை போயிட்டே இருக்கும். அப்போ செல்லையே நேரடியா காப்பாத்த முடியுமா?

இதுக்கான துப்பு 1957லயே கிடைச்சது. லூகாஸ், நியூஹவுஸ்னு ரெண்டு பேர் எலிக்குட்டிகளுக்கு குளூட்டமேட் உப்பை ஊசியில செலுத்தினாங்க. விழித்திரையோட உள் அடுக்கு செல்கள் அழிஞ்சுபோச்சு. இத்தனைக்கும் குளூட்டமேட், நரம்பு செல்கள் தங்களுக்குள்ள பேசிக்க உடம்பே பயன்படுத்துற பொருள். 1969ல ஜான் ஓல்னி, எலிகளோட மூளையிலயும் இதே சேதத்தைக் காட்டினார். (ஆமா, அஜினமோட்டோல இருக்கிற அதே உப்புதான். ஆனா ஊசியில போட்ட அந்த அளவை உங்க ஃப்ரைட் ரைஸோட ஒப்பிடக் கூடாது!)

செல்லோட மேல்பரப்புல என்.எம்.டி.ஏ. ரிசெப்டார்னு ஒரு கதவு இருக்கு. குளூட்டமேட் அதைத் திறந்தா கால்சியம் உள்ள வரும். அளவா வந்தா சேதி போகும். கதவு மூடாமலே கிடந்தா, வெள்ளமா நுழையற கால்சியத்துலயே செல் செத்துப்போகும்.

இங்கதான் நம்ம மாத்திரை வருது: மெமன்டைன். 1960கள்ல எலி லில்லி கம்பெனி சர்க்கரை நோய்க்காகத் தயாரிச்சது. அதுக்கு வேலைக்கு ஆகலை. ஆனா அளவுக்கு மீறித் திறந்து கிடக்கிற இந்தக் கதவை அது அடைக்கும்னு பின்னாடி தெரிஞ்சது. 2003ல அமெரிக்காவுல அல்சைமர் நோய்க்கு அனுமதியும் கிடைச்சது. 2004ல வெளியான ஆய்வுகள்ல, கண் அழுத்தம் ஏத்தப்பட்ட குரங்குகளோட நரம்பு செல்களையும் அது ஓரளவு காப்பாத்தியிருந்தது.

அதுக்குள்ள அலர்கன் கம்பெனி மனுஷங்க மேல ரெண்டு பெரிய சோதனைகளை ஆரம்பிச்சிருந்தது. மொத்தம் 2,298 நோயாளிகள், 48 மாசம். சிலருக்கு மெமன்டைன், சிலருக்கு மருந்தே இல்லாத டம்மி மாத்திரை. நோய் முத்துறதை மெமன்டைன் தடுத்ததா நிரூபிக்க முடியலை. நம்ம பாஷையில சொன்னா, டெஸ்ட் சர்வர்ல ஓடின கோட் புரொடக்‌ஷன்ல ஓடலை.

ஏன்? ஒரு சந்தேகம் அஸ்திவாரத்து மேலயே இருக்கு. க்ளாகோமா நோயாளிகளோட கண்ணுக்குள்ள குளூட்டமேட் அதிகமா இருக்குன்னு 1996ல ஒரு ஆய்வு சொன்னது. பின்னாடி தேடினவங்களுக்கு அது கிடைக்கலை. கதவை யாருமே உடைக்கலைன்னா பூட்டு போட்டு என்ன பயன்?

என்னை உறுத்துறது இன்னொண்ணு. சோதனை தோத்ததை கம்பெனி 2008லயே அறிவிச்சிடுச்சு. முழு ஆய்வுக் கட்டுரை வந்தது 2018ல! ஒரு சர்வர் விழுந்தா ஒரு வாரத்துல ஏன்னு ரிப்போர்ட் எழுதுற துறை நம்மது. நாலு வருஷம் மாத்திரை சாப்பிட்டு சோதனைக்கு ஒத்துழைச்சவங்களுக்கு 10 வருஷக் காத்திருப்பு ரொம்ப அதிகம். தோத்த கணக்கும் அடுத்து முயற்சி பண்றவங்களுக்குத் தேவைப்படுற கணக்குதானே?

நரம்பு செல்லைக் காப்பாத்தற தேடல் வேற வழிகள்ல இன்னும் நடக்குது. அதுவரைக்கும் சீக்கிரம் கண்டுபிடிச்சு அழுத்தத்தைக் குறைக்கிறதுதான் கையில இருக்கிற வழி. க்ளாகோமா பெரும்பாலும் வலிக்காது, ஆரம்பத்துல தெரியவும் தெரியாது. வீட்டுல 40 வயசு தாண்டினவங்க இருந்தா, கண்ணாடி பவர் பார்க்கப் போறப்போ கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!