எச்.ஐ.வி எப்படிப் பரவும்னு தெரியும்... அப்புறமும் ரிஸ்க் எடுப்பது ஏன்?

'தாம்பரம் சானடோரியம்' ரயில் நிலையத்துக்கு அந்தப் பெயர் வரக் காரணம், அருகிலுள்ள காசநோய் மருத்துவமனை. 1928-ல் தொடங்கிய அந்த இடம்தான் இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. 1993 முதல் எச்.ஐ.வி நோயாளிகளும் இங்கே அனுமதிக்கப்பட்டனர். 2004 ஏப்ரல் 1-ல் நாட்டில் இலவச ஏ.ஆர்.டி கூட்டு மருந்து சிகிச்சை தொடங்கிய 8 அரசு மருத்துவமனைகளில் இதுவும் ஒன்று.

மருந்து வந்துவிட்டது, விழிப்புணர்வும் இருக்கிறது. ஆனாலும் பலர் ஆணுறையைத் தவிர்க்கிறார்கள். ஏன்?

புள்ளி ராஜா ஞாபகம் இருக்கா?

"புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" 2000-களின் தொடக்கத்தில் தமிழகம் முழுக்க இதே பேச்சுதான். 'எய்ட்ஸ் எப்படிப் பரவும்?' என அந்த விளம்பரம் கேட்கவில்லை. 'வருமா?' என்றது. 'அது வேற ஆளுங்களுக்கு வர்ற நோய், நமக்கு வராது' என்ற நினைப்பைத்தான் அது குறிவைத்தது.

அமெரிக்க, கனடா உளவியலாளர்களான ஜெஃப்ரி ஃபிஷரும் வில்லியம் ஃபிஷரும் 1992-ல் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். தகவல் மட்டும் போதாது. செய்ய வேண்டும் என்ற உந்துதலும், செய்யும் திறமையும் வேண்டும். அந்த உந்துதலில் பாதி, 'மத்தவங்க என்ன நினைப்பாங்க' என்பது.

தெரிஞ்சவர் நிற்கும் மெடிக்கல் ஷாப்பில் காண்டம் கேட்கத் தயக்கம். 'ஆள் நல்லாத்தானே இருக்கார்' என்ற நம்பிக்கை; ஆனால் எச்.ஐ.வி பல ஆண்டுகள் அறிகுறியே காட்டாமல் இருக்கும். வீட்டிலோ இன்னும் சிக்கல். கணவரிடம் ஆணுறை கேட்டால் 'என் மேல சந்தேகமா?' என்ற கேள்வி வரும். அதற்குப் பயந்தே பல மனைவிகள் வாய் திறப்பதில்லை. இவர்களிடம் போய் 'விழிப்புணர்வு இல்லை' என்று சொல்வது நியாயமில்லை.

பயமுறுத்தினால் பலன் உண்டா?

'எய்ட்ஸ் வந்தா சாவுதான்' என்ற பயம், பலரை டெஸ்ட் எடுக்கவே விடாமல் தடுக்கிறது. உண்மையில், மருந்தைத் தவறாமல் எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் துணைக்குப் பரவாது. ஆபத்தான தொடர்பு நடந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கலாம். 28 நாள் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் டெஸ்ட் இலவசம். முடிவு ரகசியமாக வைக்கப்படும். 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி சட்டப்படி, உங்கள் சம்மதமின்றி வெளியே சொல்வது பொதுவாகத் தடைசெய்யப்பட்டுள்ளது. நேரில் போகத் தயக்கமா? முதலில் 1097-க்கு போன் பண்ணலாம், கட்டணம் கிடையாது.