விசாரணைக்கு வந்தது கொலையா, கற்பா?

திருவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்றத்துக் கூண்டில், கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு பெண் நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். நீதிபதி தீர்ப்பெழுதத் திங்கள் பல ஆகும். ஆனால் இராஜபாளையத்துத் தேநீர்க் கடைகளில் அன்று மாலையே தீர்ப்பு வந்துவிடும்! நஞ்சை வாங்கியது யார், கொடுத்தது எப்போது, கண்டவர் உண்டா என்று கேட்பாரில்லை. “அவள் எப்படிப்பட்டவள்?” என்ற ஒரே கேள்விதான். அதற்கு விடை கிடைத்துவிட்டால் வழக்கே முடிந்தது!

இது நம் நாட்டு அறியாமை மட்டுந்தான் என்று எண்ணித் தலைகுனிய வேண்டாம், தோழர்களே! உலகுக்கு நாகரிகம் கற்பிக்கவே பிறந்ததாகப் பறைசாற்றிய விக்டோரியா அரசியின் நாட்டிலும் இதே கேள்விதான் கேட்கப்பட்டது. நீதிமன்றத்திற்கு வெளியே மட்டுமன்று, உள்ளேயும்!

1857. இந்தியாவில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த அதே ஆண்டு. ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில், ஜூன் 30ஆம் நாள் ஒரு வழக்குத் தொடங்கிற்று. குற்றவாளிக் கூண்டில் மேடலின் ஸ்மித், வயது 22. கிளாஸ்கோ நகரத்துச் செல்வக் கட்டிடக் கலைஞரின் மகள். அவளால் கொல்லப்பட்டதாகக் கூறப்பட்டவன் எமில் லாஞ்செலியே. சிறு சம்பளம் வாங்கிய எழுத்தன். இருவரும் காதலித்தனர். தந்தை அறியாமல் சந்தித்தனர். கடிதம் எழுதிக் குவித்தனர். தன்னை அவன் மனைவி என்றே அவள் எழுதினாள். பிறகு வீட்டார் வேறொரு செல்வரை மாப்பிள்ளையாக்கினர், அவளும் இசைந்தாள். கடிதங்களைத் திருப்பித் தருமாறு காதலனிடம் மன்றாடினாள். அவன் மறுத்தான், தந்தையிடம் காட்டுவேன் என்று மிரட்டினான். மார்ச்சு 23இல் அவன் மாண்டான். வயிற்றில் 80 கிரெய்னுக்கு மேற்பட்ட பாஷாணம் இருந்தது!

மேடலின் மும்முறை பாஷாணம் வாங்கியிருந்தாள். எலி கொல்ல என்று கடையில் சொன்னாள். முகப்பொலிவுக்கு என்று பிறகு கூறினாள். கடைக்காரரின் ஏட்டில் தன் பெயரை மறைக்காமல் கையெழுத்தும் இட்டாள். ஐயம் எழத்தான் செய்யும், நாமும் மறுக்கவில்லை. ஆனால் ஐயம் வேறு, மெய்ப்பு வேறு. 1851ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடையில் விற்கும் பாஷாணத்தில் கரிப்பொடியோ அவுரிநீலமோ கலந்திருக்க வேண்டும். அந்த நிறம் பிணத்தின் வயிற்றில் இருந்ததா? இருந்ததாக மருத்துவர் எவரும் கூற முடியவில்லை. கடைசி இரவில் இருவரும் சந்தித்தனரா? சந்தித்ததாகச் சொல்ல ஒரு சாட்சியும் இல்லை. இறந்தவனின் நாட்குறிப்பையோ நீதிபதிகள் சாட்சியமாக ஏற்கவில்லை.

ஆகவே, அரசுத் தரப்பிடம் எஞ்சியவை கடிதங்களே. அறுபதுக்கு மேற்பட்ட கடிதங்கள், மன்றம் நிறைந்த ஆடவர் முன்னிலையில் உரக்கப் படிக்கப்பட்டன. ஒரு பெண், காதலனுடன் கூடிய இன்பத்தை நாணமின்றித் தன் கையால் எழுதியிருக்கிறாளே! இப்படி எழுதத் துணிந்தவள் எதைத்தான் செய்யத் துணியமாட்டாள்? இதுதான் வாதத்தின் உட்பொருள். பாஷாணம் கொடுத்ததை மெய்ப்பிக்க இயலாதபோது, முத்தம் கொடுத்ததை மெய்ப்பித்தார்கள்!

இந்த இடத்தில் அந்த 15 ஜூரிகளைப் பாராட்டத்தான் வேண்டும். நஞ்சூட்ட முயன்றதாகச் சொல்லப்பட்ட முதற் குற்றச்சாட்டில் அவள் குற்றவாளியல்லள் என்றனர். மற்ற இரண்டில், கொலைக் குற்றம் உட்பட, ‘மெய்ப்பிக்கப்படவில்லை’ என்றனர். அவள் விடுதலையானாள். குற்றவாளி என்றும் கூறாமல், நிரபராதி என்றும் கூறாமல் விடும் இந்த மூன்றாவது தீர்ப்பு, ஸ்காட்லாந்துக்கே உரிய விந்தை. அதை ஒழிக்கும் சட்டம் 2025இல்தான் அந்நாட்டு நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மேடலினோ பின்னர் மணம்புரிந்து, கவிஞரும் சமதர்மருமான வில்லியம் மாரிசின் நண்பர் குழாத்தில் பழகி, 1928இல் நியூயார்க்கில் மறைந்தாள். கொலை, துலங்காத கொலையாகவே நிற்கிறது.

அதே 1857இல் இங்கிலாந்தில் மணவிலக்குச் சட்டம் ஒன்று வந்தது. மனைவி பிறனை நாடினால், அது ஒன்றே போதும். கணவன் விலக்குப் பெறலாம். கணவன் பிறளை நாடினால்? அது மட்டும் போதாது! கொடுமையோ, கைவிட்டு ஓடியதோ, வேறொன்றோ கூடவே மெய்ப்பிக்கப்பட வேண்டும். 1923 வரை இதுதான் அங்கே சட்டம். ஆணுக்கு ஒரு தராசு, பெண்ணுக்கு ஒரு தராசு. மனுவின் நாட்டார் நாம் இதைக் கண்டு வியக்க உரிமையில்லாதவர்கள்.

1876இல் லண்டனை அடுத்த பாலமில், சார்லசு பிராவோ என்ற வழக்கறிஞர் ஆன்டிமணி நஞ்சால் மாண்டார். மனைவி ஃபுளோரன்சு பெருஞ்செல்வி. அவள்மீது வழக்கே தொடரப்படவில்லை. ஆனால் 23 நாள் நடந்த மரண விசாரணையில், திருமணத்திற்கு முன் ஒரு மருத்துவருடன் அவளுக்கிருந்த தொடர்பைத் துருவித் துருவிக் கேட்டார்கள். கொலையே, ஆனால் கொலைஞர் இன்னாரெனக் கூறச் சான்று போதாது என்று முடிந்தது விசாரணை. இரண்டாண்டுகளில் அவள் இறந்தாள், வயது 33.

1886இல் அடிலெய்டு பார்ட்லெட் வழக்கு. மளிகை வணிகரான கணவர் எட்வின், புத்தாண்டு நாளில் பிணமாகக் கிடந்தார்; வயிற்றில் குளோரோபாரம். மனைவி கேட்டதற்கிணங்க அதைப் பல கடைகளில் வாங்கித் தந்தவர் யார் தெரியுமா? டைசன் என்ற கிறித்தவப் பாதிரியார்! அவளுடன் நெருங்கிப் பழகியவர். கடைகளில், துணிக்கறை நீக்க என்று பொய் சொன்னவர். அவரும் குற்றஞ்சாட்டப்பட்டார், ஆனால் அவர்மீது சான்றெதுவும் காட்டாமல் அரசுத் தரப்பு விடுவித்தது. வெள்ளையங்கி சாட்சிக் கூண்டுக்கு இறங்கிற்று. பெண் மட்டும் குற்றவாளிக் கூண்டில் நின்றாள்.

இந்த வழக்கின் தீர்ப்பு அறிவியலால் அமைந்தது. அதனால்தான் இதை நாம் விரும்பிப் படிக்கிறோம். குளோரோபாரம் நீர்ம நிலையில் தொண்டையைச் சுடும். விழித்திருப்பவன் வாயில் ஊற்றினால் அலறுவான். மயங்கிக் கிடப்பவனால் விழுங்க முடியாது. ஆனால் எட்வினின் தொண்டையில் சுட்ட தடம் இல்லை. அப்படியானால் வயிற்றுக்குள் போனது எப்படி? வழக்கறிஞர் எட்வர்டு கிளார்க் இந்த ஒரு கேள்வியையே பிடித்து நின்றார். விடை சொல்ல மருத்துவ நூல்களில் முன்னுதாரணமே இல்லை. பலத்த ஐயம் இருப்பினும், யாரால் எவ்வாறு கொடுக்கப்பட்டது என்பதற்குச் சான்று போதாது என்று கூறி ஜூரிகள் அவளை விடுவித்தனர். அவளைக் குறித்து ஊர் பேசிய பேச்சு கொஞ்சமன்று. எனினும் தொண்டையில் இல்லாத புண்ணை ஊர்ப்பேச்சு உண்டாக்க முடியாதல்லவா?

மூன்றாண்டு கழித்து, 1889இல், லிவர்பூலில் ஜேம்சு மேபிரிக் மாண்டார். பஞ்சுத் தரகர்; ஆலைகள் சூழ வாழும் நம் இராஜபாளையத்தார்க்குப் புரியாத தொழிலன்று. மனைவி ஃபுளோரன்சு 26 வயது அமெரிக்கப் பெண். ஈக்கொல்லித் தாளை நீரில் ஊறவைத்துப் பாஷாணம் எடுத்தாள் என்பது குற்றச்சாட்டு. முகப்பூச்சுக்காக என்றாள் அவள். கணவனோ, பாஷாணத்தையே வலிமை தரும் மருந்தெனத் தின்று பழகியவன்! அவனுக்கும் வேறொரு பெண் உண்டு. ஆயினும் நீதிபதியின் நெஞ்சைக் கொதிக்க வைத்தது, மனைவி ஒரு ஆடவனுடன் லண்டன் விடுதியில் தங்கியதே. இரண்டு நாள் நீண்ட தொகுப்புரையில் அதை அவர் கடுஞ்சொற்களால் சாடினார். ஜூரிகள் முக்கால் மணி நேரங்கூட எடுத்துக்கொள்ளவில்லை. தூக்கு! அன்று மேல் முறையீட்டு மன்றம் இல்லை. குற்றஞ்சாட்டப்பட்டவர் சத்தியம் செய்து தமக்காகச் சாட்சி சொல்லும் உரிமைகூட 1898 வரை பொதுவாக இல்லை. எதிர்ப்புக் குரல் எழவே, தூக்கு ஆயுள் தண்டனையாயிற்று. 1904இல்தான் அவள் வெளியே வந்தாள்.

அந்த நீதிபதி யார்? ஜேம்சு ஃபிட்சுஜேம்சு ஸ்டீபன். வைசிராயின் மன்றத்தில் சட்ட உறுப்பினராக இருந்து, 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தை எழுதியவர். 2024 ஜூலையில் புதிய சட்டம் வரும் வரை திருவில்லிபுத்தூரிலும் ஆண்டது அவர் எழுத்துதான். அதன் 54ஆம் பிரிவு என்ன சொல்கிறது? குற்றஞ்சாட்டப்பட்டவர் தம் நன்னடத்தைக்குச் சான்று காட்டினாலொழிய, அவரது தீய நடத்தை வழக்குக்குப் பொருந்தாது என்கிறது! எழுதிய கையே பதினேழு ஆண்டுக்குப்பின் அதன் கருத்தை மறந்துவிட்டது. 1891இல் உள்ளம் தளர்ந்து பதவி துறந்தார் என்பதும் உண்மை. ஆனால் 1872இல் அவர் உள்ளம் தளரவில்லையே! அதே சட்டத்தின் 155ஆம் பிரிவில், வன்முறைக்கு ஆளானதாக முறையிடும் பெண் பொதுவாக ஒழுக்கமற்றவள் என்று காட்டி, அவள் சொல்லை மறுக்கலாம் என ஓர் உட்பிரிவையும் சேர்த்திருந்தார். குற்றஞ்சாட்டப்பட்ட ஆணின் நடத்தை பொருந்தாது. குற்றம் இழைக்கப்பட்ட பெண்ணின் நடத்தை பொருந்தும்!

வெள்ளையன் 1947இல் வெளியேறினான். அந்த உட்பிரிவு வெளியேறவில்லை. சுதந்திர நாட்டின் நீதிமன்றங்களிலும், “நீ எப்படிப்பட்டவள்?” என்று கேட்க அது வழக்கறிஞர்களுக்கு வாய்ப்பளித்தது. 2002ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டந்தான் அதை நீக்கிற்று. எழுதப்பட்ட நாளிலிருந்து எண்ணினால் நூற்று முப்பது ஆண்டுகள்!